நாற்பத்தொரு மணி நேரம்

பகல் ஒன்றரைக்கு வெடி வைப்பார்கள்.
முதலில் அலமாரியில் எவர்சில்வர் தம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுக்கும்.
சத்தம் அப்புறம்தான்,
மேற்கிலிருந்து, காற்று வழியாக, சாவகாசமாக.
பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் பக்கம்
ஒரு முழம் தோண்டினால் கல்.
கல் வழியாக வரும் சேதிக்கு வேகம் அதிகம்.

நான் அளந்துகொண்டிருந்தது வேறு.
நாற்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு விண்மீன் மண்டலம்.
பெயர் இல்லை, பட்டியலில் ஓர் எண்.
அதன் நடுவே பெருங்கருந்துளை.
விழப்போகிற வாயு விழுவதற்கு முன்
அதைச் சுற்றிச் சுற்றி உராய்ந்து
உள்விளிம்பில் கண்ணுக்கெட்டாத ஊதாவாக எரிகிறது,
தள்ளி நீலமாக, இன்னும் தள்ளிச் சிவப்பாக.
எங்கள் படத்தில் எல்லாம் சேர்ந்து
ஒரு புள்ளி.
வட்டு என்று சொல்வது நாங்கள்.

புள்ளிக்குக் குறுக்களவு எடுக்கக்
காத்திருக்க வேண்டும்.
நடுவில் ஏதோ குதித்தால் ஊதா முதலில் பளிச்சிடும்,
நீலம் பிறகு,
சிவப்புக்குச் சேதி போய்ச் சேர இன்னும் நேரமாகும்.
இடையில் கழிந்த நேரம்தான் தூரம்.
வேறு முழக்கோல் கிடையாது.

ஏழு மாத இரவுகள், மூன்று தேசத்துத் தொலைநோக்கிகள்.
மேகம் தின்ற இரவுகளைக் கழித்து
மிச்சத்தைக் கோடாக வரைந்தேன்.
சுவருக்கு அந்தப்புறம் பதினாறு தறிகள்.
கரண்ட் போனால்தான் தெரியும்
அவற்றின் தாளத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தது.

கொள்கைப்படி வட்டைத் தாண்ட ஒளிக்குப்
பதினாறு மணி நேரம் போதும்.
எனக்கு வந்தது நாற்பத்தொன்று.
திரும்பத் திரும்பப் போட்டேன். நாற்பத்தொன்று.
வட்டு இருக்க வேண்டியதைவிடப் பெரிது,
அல்லது வெளியே மிதக்கும் மேகங்களும்
நடுவே புகுந்து பேசியிருக்கின்றன,
அல்லது சூத்திரம்.

தறிக்காரர் பழனாத்தாள் வாடகை ரசீது வாங்க வந்தவர்
திரையைப் பார்த்தபடி நின்றார்.
"அங்க போயி அளந்தது ஆருங்?"
யாரும் போகவில்லை என்றேன்.
"போகாம அளந்தா ஒத்துக்குவாங்களா?"
அவர் தறிக்கொட்டகையின் தெற்குச் சுவரில்
கை நுழையும் அளவுக்கு விரிசல்.

அன்றிலிருந்து தம்ளர்களுக்கு நடுவே
கைப்பேசியைப் பதிவில் போட்டு வைத்தேன்.
பதினொரு பகல்கள்.
நடுக்கத்துக்கும் சத்தத்துக்கும் இடையே
முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேல்.
இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர்.
இருபது கூடலாம், குறையலாம்.
உரிமப் பத்திரத்தில்
கடைசி வீட்டுக்கும் குழிக்கும் ஐந்நூறு.

மனுவோடு வரைபடத்தையும் நீட்டினேன்.
"டேப் புடிச்சுப் பாத்தீங்களாம்மா?"
கேட்டைத் தாண்ட விடமாட்டேன் என்கிறார்களே சார்.
"அப்ப அனுமானம்னு எழுதிக்கறேன்."
அதே வாரம் ஆய்வேட்டுக்கும் பதில் வந்தது,
பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து, பண்பான ஆங்கிலத்தில்:
பிழை வரம்பை மறுபடி கணக்கிடவும்.
கணக்கிட்டேன். இரண்டையும்.
இரண்டும் நகரவில்லை.

இப்போது ஒன்றரை ஆனால் பழனாத்தாள்
தறியை நிறுத்திவிட்டு வந்து
தம்ளர்களுக்கு முன் நிற்கிறார்.
கிணுக்கென்றதும் எண்ணத் தொடங்குவார்.
போன மாதம் "ஒண்ணு" சொல்லி முடிக்கும்போது சத்தம் வரும்.
நேற்று அந்தச் சொல்லுக்கு
உதடு குவித்தபோதே வந்துவிட்டது.
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.